கார்னிவல் விளையாட்டுக்கு அம்மாவின் மதிப்பீடு

தம்பி, நீ தந்துவிட்டுப் போன படிவத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் கீழே இரண்டு கோடுதான் விட்டிருக்கிறார்கள். படங்கள் எப்படி, சத்தம் எப்படி, விளங்கிக்கொள்ளச் சுலபமா, ஒரே இருப்பில் எவ்வளவு நேரம் விளையாடினீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நான் முதல் கேள்விக்கே கோட்டைத் தாண்டிப் பின்பக்கத்துக்குப் போய்விட்டேன். பின்பக்கமும் நிறைந்த பிறகுதான் நான் எழுதுவது உன் அலுவலகத்துக்கு இல்லை, உனக்கு என்று விளங்கியது. அதனால் படிவத்தை ஒதுக்கிவிட்டு வெள்ளைத் தாளில் முதலிலிருந்து எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனேனே, அதற்கு இன்றைக்குத்தான் பயன் வருகிறது. மெதுவாக வாசி. முதலில் தனியாக வாசி.

உன் கலியாணத்துக்கு ஏழு கிழமைதான் இருக்கிறது. இந்த நேரத்தில் ஒரு தாய் மகனுக்குக் கடிதம் எழுதினால், வருகிறவளின் மனம் நோகாமல் நட, கோபத்தோடு படுக்கப் போகாதே என்றெல்லாம் எழுதுவாள். எனக்கு அந்தப் புத்திமதி ஒன்றும் வரவில்லை. பேனாவை எடுத்தால் பயம்தான் வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சோறு இறங்குவதில்லை, பூசையில் இருந்தால் எந்த இடத்தில் எழும்ப வேண்டும் என்பது மறந்துபோகிறது. என்ன பயம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இணையத்தில் இருக்கும் சூதாட்ட மெஷின்களை விளையாடிப் பார்த்து, நல்லது கெட்டது எழுதி, நட்சத்திரம் போடுவது உன் வேலை. கோயிலில் யாராவது கேட்டால் "கொம்பியூட்டர் வேலை" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குத் தாவிவிடுவேன். உனக்கு அது தெரியும், நீயும் சிரித்திருக்கிறாய். மூன்று கிழமைக்கு முன்னர் ஒரு செவ்வாய்க்கிழமை நீ அந்த விளையாட்டை ஏற்றிய ரப்லெற்றோடு வந்து அதை என் குசினி மேசையில் வைத்தாய்.

"அம்மா, ஒரு சின்ன ஹெல்ப். எங்கட ரிவ்யூவுக்கு அறுபது வயசுக்கு மேல ஒராள் விளையாடிப் பாத்துச் சொல்லோணும். நீங்கள் காட்ஸ் கூட விளையாடுறேல்லத்தானே, அதுதான் எனக்கு வேணும். ஃப்ரெஷ் ஐஸ், புதுக் கண்."

"காசு போகுமோ?" என்று கேட்டேன்.

"இல்லையம்மா, இது டெமோ. சும்மா கொயின்ஸ். முடிஞ்சால் தானா நிரப்பும்."

அப்போதே மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பாய். ஏன் என்று சொல்வதைவிட விளையாடுவது எனக்குச் சுலபமாகத் தெரிந்தது. அதுதான் இந்த மூன்று கிழமையில் நான் விட்ட முதல் பிழை.

சரி, கேட்டாய், மதிப்பீட்டைச் சொல்கிறேன். விளையாட்டு நல்ல வடிவாகச் செய்யப்பட்டிருக்கிறது. சிவப்பும் மஞ்சளும் கோடு போட்ட கூடாரம், பின்னால் மெதுவாகச் சுற்றுகிற ராட்டினம், முகமூடி போட்ட பெண், சோளப்பொரிப் பெட்டி, வளையம் எறிகிற கடை, கோமாளி. ஐந்து வரிசையும் சுழன்று ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். மூன்று கோமாளி வந்தால் ராட்டினம் முன்னால் வந்து பரிசு கொட்டும். முதல் இரண்டு கோமாளியும் உடனே வந்து நின்றுவிடுவார்கள். அப்போது பாட்டு நின்று மேளம் மட்டும் அடிக்கும், கடைசி வரிசை மற்ற நேரத்தைவிட நீளமாகச் சுழலும், மூன்றாவது கோமாளி தொப்பியைக் காட்டிவிட்டு ஒரு கட்டம் மேலே போய் நிற்பான். வந்திருக்க வேண்டியவன், இப்போதுதான் தப்பிப் போனான், அடுத்ததில் வருவான் என்று நெஞ்சு சொல்லும். உண்மையில் அவன் வரவே இல்லை, தம்பி. ஒரு கட்டம் தள்ளி நின்றாலும் ஊர் தள்ளி நின்றாலும் வராதவன் வராதவன்தான். ஆனால் அவன் ஒரு கட்டம் தள்ளி நிற்கும்போது என் கை தானாகவே பொத்தானுக்குப் போகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். இருபது நாணயம் போட்டு எட்டு திரும்பி வந்தால் பன்னிரண்டு போய்விட்டது என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இந்த விளையாட்டில் அதற்கும் பாண்ட் வாத்தியம் அடித்து, கடதாசிப் பூத் தூவி, முகமூடிக்காரி கை தட்டுகிறாள். தோற்றவளைத் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறார்கள். நேரம் எத்தனை மணி என்று திரையில் தேடித் தேடிப் பார்த்தேன், என் கண்ணுக்கு எங்கும் படவில்லை. கீழ் மூலையில் "ஓட்டோ" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை ஒரு தரம் தொட்டால் நூறு முறை தானே சுழலும், பிறகு நாம் கையே வைக்கத் தேவையில்லை. அந்தப் பொத்தானைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டேன். ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டுமென்றால் உனக்கு ஏழு வயதாக இருந்த நாளுக்குப் போக வேண்டும்.

அப்போது நாங்கள் இதே மல்வேர்ன் பகுதியில் அந்த ரவுண்ஹவுஸ் வரிசை வீட்டில் இருந்தோம். நான் பாண் பொதி செய்யும் பக்ரறியில் கிழமைக்கு நாலு நாள் வேலை. என்னோடு லைனில் நின்ற பிலோமினா அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும், கொழுக்கட்டை கொண்டுவருவாவே. ஒரு லீவு நாளில் அவ என்னைக் கூட்டிக்கொண்டு போனா. பிளாசாவின் கார் நிறுத்தும் இடத்திலிருந்து காலை ஒன்பது மணிக்கு கசினோவுக்கு பஸ் போகும். போகவும் வரவும் காசில்லை, மத்தியானம் காசில்லாமல் சாப்பிட ஒரு துண்டுச் சீட்டும் தருவார்கள். ஏறிப் பார்த்தால் பாதிப் பேர் எங்கள் ஆட்கள். ஆச்சிமார் கையில் செபமாலையோடு இருந்தார்கள். வடக்கே ஒன்றரை மணித்தியாலம். முதல் நாள் மெஷினில் எனக்குக் காசு விழுந்தது. உனக்கு ஒரு நீலக் குளிர் ஜக்கெற் வாங்கி வந்தேன். அப்பாவிடம் சேல் என்று சொன்னேன். அந்த ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு நீ ஸ்கூலுக்கு ஓடும்போது நான் ஒரு கெட்டிக்காரி என்று நினைத்தேன். அதன் பிறகு ஒவ்வொரு லீவு நாளும் வீட்டில் எனக்கு வேலை நாள் என்றுதான் சொன்னேன்.

உன் அப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்றால், பஸ் ரிக்கெற் தேடி என் பேர்ஸைத் திறந்தார். மாதா படத்துக்குப் பின்னால் கசினோ அட்டை இருந்தது. அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் திருப்பிப் போட்டிருப்பேன். உன்னை எழுப்பிக் கொண்டுவந்து சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் இருத்தினார். "இஞ்சரும், இவன்ர தலையில கை வைச்சுச் சொல்லும்" என்றார். நான் உன் தலையில் கை வைத்து, "இனி அந்த மெஷினில கை வைக்க மாட்டன்" என்றேன். உனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்து நெளிந்து நெளிந்து சிரித்தாய், பிறகு நானும் வைப்பேன் என்று என் தலையில் கை வைத்தாய். அப்பா குசினிக்குள் போய்விட்டார்.

அந்தச் சத்தியத்தை நான் ஒரு மாதம் காப்பாற்றினேன். பிறகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் ஒரு வழி அகப்பட்டது. கை வைக்க மாட்டேன் என்றுதானே சொன்னேன், போக மாட்டேன் என்று சொல்லவில்லையே. பஸ் ஏறினேன். பிலோமினா அக்காவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, கை இரண்டையும் மடியில் கட்டி வைத்தபடி, "அக்கா, பட்டனை அமத்துங்கோ. இன்னொருக்கா. கூட்டி அமத்துங்கோ" என்பேன். காசுத் தாள் என்னுடையது, விரல் அவவுடையது. "உமக்கு விசரடி" என்று அவ சிரிப்பா. எனக்கு அது சிரிப்பாகத் தெரியவில்லை. என் பிள்ளையின் தலைக்கு ஒன்றும் வரக்கூடாது என்று அவ்வளவு கவனமாகச் சூதாடினேன். ஆண்டவரைக்கூட இப்படிச் சுற்றிவிடலாம் என்று நினைத்த மண்டை, தம்பி, இது.

இனி வருவதை நான் யாருக்கும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்திலும் பாதிதான் சொன்னேன். உனக்கு ஒன்பது வயது. ஸ்கூலில் ஏறி விளையாடும் கம்பியிலிருந்து விழுந்து வலக்கை முறிந்தது. ஒரு மணிக்கு என் செல்போனுக்கு அழைத்தார்கள். நான் கசினோவில் நின்றேன். பஸ் நாலு மணிக்குத்தான் திரும்பும், அதற்கு முன் எடுக்க மாட்டார்கள். ட்ரைவரைத் தேடிப் போய்க் கெஞ்சினேன். அவர் பாவமாகத் தலையை ஆட்டினார். ராக்சி பிடித்து வரக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அப்பாவின் பக்ரறிக்குப் போன் அடித்துச் சொல்லும்படி ஸ்கூலில் சொன்னேன். செய்யக்கூடியதெல்லாம் அவ்வளவுதான். பிறகு மூன்று மணித்தியாலம் இருந்தது. அந்த மூன்று மணித்தியாலமும் நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? செபம் சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பிலோமினா அக்காவிடம் காசு வாங்கினேன். விழுந்தால் ராக்சி பிடிக்கலாம் என்று எனக்கு நானே சொன்னேன். மெஷினுக்கு முன்னால் இருந்து, இந்த முறை என் கையாலேயே, நாலு மணி வரைக்கும் அமத்தினேன். நீ ஆஸ்பத்திரியில் என்னைக் கேட்டு அழுதுகொண்டிருந்த நேரம் முழுக்க.

ஆறு மணிக்கு வந்து சேர்ந்தேன். பிளாஸ்ரர் போட்ட கையோடு நீ கேட்டாய், "அம்மா, ஏன் வரேல்ல?" ஓவர்ரைம், சுப்பவைசர் விடவில்லை என்றேன். அப்பா நம்பினார். நாலு வருடத்துக்கு முன்னர் அவர் கண்ணை மூடும்போதும் அந்தப் பொய்யை நம்பியபடிதான் போனார். நீ நம்பியதுதான் இன்னும் மோசம். பல்கலைக்கழகத்துக்கு உதவிப் பணம் கேட்டு நீ ஒரு கட்டுரை எழுதினாயே, பிள்ளையின் கை முறிந்த நாளிலும் லைனை விட்டு அசைய முடியாமல் நின்ற ஒரு தாயைப் பற்றி. அதை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினாய். நான் அழுதேன், நீ என்னைக் கட்டிப்பிடித்தாய். உனக்கு அந்த உதவி கிடைத்தது. அந்தக் கட்டுரையில் இருக்கும் தாய் நான் இல்லை, தம்பி. என்னை மன்னி. மன்னிக்க முடியாவிட்டால் அதையும் நேரே சொல்.

அன்றோடு விட்டேன். புத்தி வந்து விடவில்லை. உன் தலையில் வைத்த சத்தியம் உன் கையில் இறங்கியது என்ற பயத்தில் விட்டேன். பிளாசாப் பக்கம் போகாமல் இரண்டு பஸ் தரிப்பு தள்ளி நடந்துபோய் பஸ் எடுத்தேன். பிலோமினா அக்காவுக்கு அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்ததோடு கதையையும் நிறுத்திக்கொண்டேன். படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்கள், உன் கை முறிந்ததற்குக் காரணம் கம்பியில் இருந்த ஈரம் என்பார்கள். இருக்கலாம். ஆனால் இருபது வருடம் என்னைக் கட்டி வைத்திருந்தது அந்தப் பயம்தான், அதனால் பயத்தை நான் குறைவாகப் பேச மாட்டேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பூசை முடிந்து நீயும் நிரோஷாவும் சாப்பிட வந்தீர்கள். அவள் கலியாணக் கார்ட்டின் மாதிரியைக் காட்டி, எந்த நிறம் நல்லது அன்ரி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நீ தலையைக் குனிந்துகொண்டிருந்தாய். சோற்றை அளைந்த கை மேசைக்கு மேலே, மற்றக் கை கீழே. உன் கண்ணாடியில் சிவப்பும் மஞ்சளும் ஓடியது. சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தாய். ஆனால் இரண்டு கோமாளி வந்து மூன்றாவதுக்காகக் காத்திருக்கும் முகம் எனக்குத் தெரியாதா? நிரோஷா இரண்டு தரம் உன் பெயரைச் சொன்னாள். இரண்டாவது தரம்தான் உனக்குக் கேட்டது. "ஓம், அது வடிவு" என்றாய். அவள் அந்த நேரம் கார்ட்டைக் கையில் வைத்திருக்கவே இல்லை.

கோப்பை கழுவ வா என்று உன்னைக் கூப்பிட்டேன்.

"உது என்ன தம்பி?"

"வேலை அம்மா. வேற என்ன."

"வேலைக்கு நீ டெமோவெல்லோ பாவிக்கிறனி? உதில டொலர் அடையாளம் கிடந்தது."

"டெமோவில ஃபீல் வராது அம்மா. காசு போட்டு விளையாடினாத்தான் ரிவ்யூ சரியா எழுதலாம்."

"எவ்வளவு நாளா?"

"உதெல்லாம் ஏன் கேக்கிறியள்? ஐ ஆம் ஃபைன். எனக்கு உந்த கேம் உள்ளுக்கால எப்படி ஓடுது எண்டு தெரியும். தெரியாத ஆக்கள்தான் மாட்டுப்படுவினம்."

"நிரோஷாவுக்குத் தெரியுமோ?"

நீ போனைத் தொடையில் குப்புற வைத்துத் துடைத்தாய், அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாதபோது.

தம்பி, நீ கெட்டிக்காரன். கோமாளி ஏன் ஒரு கட்டம் தள்ளி நிற்கிறான் என்று எனக்குச் சொல்லித் தந்ததே நீதான். எனக்கு அதனால் நிம்மதி வரவில்லை. எனக்கும் தெரிந்துதானே இருந்தது. நான் கை வைக்கவில்லை, விரல் அக்காவுடையது என்றேன். நீ விளையாடவில்லை, மதிப்பீடு செய்கிறேன் என்கிறாய். பஸ்ஸில் வந்த ஒவ்வொருவரிடமும் இப்படி ஒரு சொல் இருந்தது. ஒருத்தி சாப்பாட்டுத் துண்டுக்காகத்தான் வருகிறேன் என்பாள், ஒருவர் மனைவிக்குத் துணையாக என்பார். அந்த பஸ்ஸில் ஒரு சூதாடியும் ஏறினதில்லை. உன் சொல் அவற்றையெல்லாம்விட நல்ல சொல், சம்பளமும் தருகிற சொல். அதனால்தான் எனக்கு உன்னை நினைத்து இவ்வளவு பயம்.

உன் தலையில் சத்தியம் கேட்கப் போவதில்லை. உனக்குப் பிள்ளை பிறந்தால் அதன் தலையிலும் வைக்காதே. சத்தியம் செய்த அடுத்த நாளே நாங்கள் அதில் ஓட்டை தேடுவோம், அதற்கு ஒரு குழந்தையின் தலை எதற்கு? ஒன்றே ஒன்றைச் செய். கார்ட் அச்சுக்குப் போக முன்னம் நிரோஷாவிடம் சொல். எவ்வளவு நாள், எவ்வளவு காசு, எல்லாம். அவள் இந்தக் கலியாணம் வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் எனக்கு நெஞ்சு வெடிக்கும். அப்படி இருந்தும் சொல் என்கிறேன். அவள் ஒருநாள் உன் பேர்ஸில் தேடிக் கண்டுபிடிக்கக் கூடாது. உன் அப்பாவின் முகத்தை நான் அன்று பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை, வேலையால் வந்தால் எங்கே போனனீர் என்று கூடக் கேட்கவில்லை. கேட்பதை நிறுத்திவிட்டார். அந்த வீட்டில் மீதிக் காலம் முழுக்க நான் அப்படித்தான் இருந்தேன்.

இங்கே முடித்திருந்தால் இது ஒரு நல்ல தாயின் கடிதமாக இருந்திருக்கும். முடிக்க முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை ரப்லெற்றை எடுக்க வாறன் என்றாய். இன்னும் எழுதி முடிக்கவில்லை, கிடக்கட்டும் என்றேன். உன் படிவத்துக்குத் தேவையானதெல்லாம் முதல் கிழமையே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தக் கடிதத்தைக் காலை ஏழரைக்குத் தொடங்கினேன், இப்போது பின்னேரம் மூன்று மணி. இவ்வளவு எழுத இத்தனை நேரம் எடுக்காது. நடுவில் மூன்று தரம் எழும்பிப் போய் விளையாடினேன். உன் கை முறிந்த கதையை எழுதி முடித்தேனே, பேனாவை மூடாமல் அப்படியே வைத்துவிட்டுப் போனேன். ஓட்டோவை அமத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நூறு சுற்றும் பார்த்தேன். நேற்று, உண்மைக் காசில் விளையாட விருப்பமா என்று ஒரு பெட்டி வந்தது. எழும்பி என் வங்கி அட்டையை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். முதல் நாலு இலக்கம் அடித்துவிட்டு அழித்தேன். அட்டை இன்னும் அந்த மேசையில்தான் கிடக்கிறது.

தாள்களைப் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்புகிறேன். நீ இதை வாசித்து முடித்ததும் வேலையை விட்டுவிட்டு வா. இரவைக்கு வாறன், சனிக்கிழமை வாறன் என்று எழுதாதே. வந்து அதைத் தூக்கிக்கொண்டு போ, உன் போனையும் எனக்கு முன்னால் மேசையில் வை, இரண்டு பேருமாக என்ன செய்வது என்று பார்ப்போம். தனியே என்னால் ஏலாது, உன்னாலும் ஏலாது. நான் கதவைப் பூட்டிவிட்டு வெளியே கொரிடோரில் கதிரை போட்டு இருக்கிறேன். கடைசிப் பக்கத்தை மடியில் வைத்துத்தான் எழுதுகிறேன். எதிர்வீட்டுப் பெண் இரண்டு தரம் கதவைத் திறந்து, கதவுத் திறப்பைத் தொலைத்துவிட்டாயா என்று கேட்டாள். இல்லை, மகன் வந்துகொண்டிருக்கிறான் என்று சொன்னேன்.